காலாவதியான அனுமதி

செவ்வாய்க்கிழமை, இரவு.

மதுரை கோர்ட்டிலிருந்து ஸ்ரீரங்கம் வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தும் பெரியசாமியின் முகம் மனதை விட்டுப் போகவில்லை. மணப்பாறைப் பக்கம் மாடு வைத்துப் பிழைக்கிறவர். சாயப்பட்டறைக் கழிவுநீர் இறங்கி அவர் கிணறு கெட்டுப்போனது. கழிவுநீரை வாய்க்காலில் விடப் பட்டறைக்குக் கொடுத்த அனுமதியை எதிர்த்து அவருக்காக நான் வழக்கு நடத்தினேன்.

இன்று தள்ளுபடி. அந்த அனுமதி காலாவதியாகிவிட்டதாம், பட்டறைக்காரர்கள் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார்களாம். பழையதைப் பற்றி விசாரிக்க இனி ஒன்றுமில்லை என்றார் நீதிபதி.

நான் வராந்தாவுக்கு வருவதற்குள் பெரியசாமி வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். "அந்த அனுமதியே இப்ப இல்லன்னு ஜட்ஜே சொல்லிட்டாரு. ஜெயிச்சுட்டோம் புள்ள!"

மெதுவாக விளக்கினேன். புதிய அனுமதிக்குப் புதிய வழக்கு, மறுபடி முதலிலிருந்து. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டவர், "அவகிட்ட நீங்களே சொல்லிடுங்கம்மா" என்று போனை நீட்டினார்.

அவர் மனைவி சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தார். "ரொம்ப நன்றிங்கம்மா. இனிமே மாட்டுக்குக் கிணத்துத் தண்ணிய வைக்கலாங்களா?"

"இப்ப வேண்டாம்மா."

"அப்ப எப்பலேருந்துங்க?"

பெரியசாமி போனை வாங்கி, "பஸ் வந்துருச்சு, நேர்ல சொல்றேன்" என்று வைத்துவிட்டார். நாங்கள் கோர்ட் வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

இந்நேரம் சொல்லியிருப்பார்.