காவல் இலை நாலு

5 ஜூன் 1955, ஞாயிறு

மழை. நாகர்கோவில் லாரி பதினொரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. பாதிக் கூடைகளில் இலை கறுத்திருந்தது. டிரைவரிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. ஆரியசாலைக் கடைத்தெருவில் வெற்றிலை மொத்த வியாபாரம் செய்கிறவனுக்கு மழைக்காலத்தில் முதலில் போவது தொண்டைதான்.

சாயங்காலம் ஏழு மணிக்குச் செய்தி கேட்கலாமென்று ரேடியோவைத் திருப்பினால் மலையாளத்தில் ஏதோ கேள்வி-பதில் போட்டி. மூன்று மூன்று பேராக இரண்டு அணி. ஒருவர் கேள்வி கேட்கிறார், மணி அடிக்கிறார், மார்க் சொல்கிறார். ஜெயிக்கிற அணி அடுத்த ஞாயிறும் வருமாம், தோற்ற அணி வீட்டுக்குப் போகுமாம். படித்தவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று அணைக்கப் போனேன். அப்போதுதான், "நூலக அணியிலிருந்து ஸ்ரீமதி ஸ்ரீகண்டன்" என்றார். அடுத்து வந்தது அவள் குரல்.

என் மகளுடைய குரல். மூன்று வருஷத்துக்குப் பிறகு.

அந்த ஸ்ரீகண்டனை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு அவள் போன அன்றைக்கே வீட்டிலும் கடையிலும் சொல்லிவிட்டேன். இனி அவள் பெயர் என் காதில் விழக்கூடாது, அவளைப் பற்றி ஒரு பேச்சும் கூடாது, பேசுகிறவனுக்கு இங்கே வேலை இல்லை என்று. இந்த நோட்டிலும் அந்தப் பெயரை எழுதியதில்லை. இன்றைக்கும் எழுதப்போவதில்லை.

அடுக்களையில் என் மனைவி பொன்னம்மை கரண்டியைக் கீழே வைத்தது கேட்டது. நான் அணைக்கவில்லை. நூலக அணி ஜெயித்தது.

"செய்தி முடிஞ்சுதா?" என்றாள் பொன்னம்மை.

முடிந்தது என்றேன்.

12 ஜூன், ஞாயிறு

ஆறே முக்காலுக்கே முகம் கழுவி வந்து உட்கார்ந்தேன். பொன்னம்மை முறத்தையும் அரிசியையும் எடுத்துக்கொண்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல் பொறுக்குகிறாளாம். ஒரு மணி நேரத்தில் ஒரு கல் எடுத்ததாகத் தெரியவில்லை.

இன்றைக்கு எதிரணி வக்கீல்கள். இரண்டு மார்க் வித்தியாசத்தில் நூலக அணி தப்பித்தது. அவள் நடுவில் இரண்டு தடவை இருமினாள். குடை எடுத்துப் போகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. அந்த ஸ்ரீகண்டன் என்ன செய்துகொண்டிருக்கிறான்?

15 ஜூன், புதன்

ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள். இருந்தால் எனக்கென்ன.

19 ஜூன், ஞாயிறு

ஒரே ஒரு மார்க்கில் ஜெயித்தார்கள். கேட்டு முடிப்பதற்குள் என் வேட்டி வியர்வையில் நனைந்துவிட்டது. ஜெயித்ததில் சந்தோஷம் இல்லை. இன்னும் ஒரு வாரம் கிடைத்தது, அவ்வளவுதான். எந்த அணியும் கடைசிவரை ஜெயித்துக்கொண்டே இருக்காது. என்றைக்குத் தோற்கிறார்களோ அன்றோடு அந்தக் குரல் போய்விடும். மறுபடியும் கேட்க எனக்கு வேறு வழி இல்லை. வழியை அடைத்தவனும் நான்தான்.

சாப்பிடும்போது பொன்னம்மை மெதுவாக ஆரம்பித்தாள். "கேட்டியளா, பேட்டையிலதான் வீடாம். ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரட்டா?"

"யாரை?" என்றேன்.

எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் இலையில் சோறு அப்படியே இருந்தது.

யாரை என்று கேட்டேனே, என்ன மனுஷன் நான்.

23 ஜூன், வியாழன்

பேட்டைக்குப் போனேன். வசூலுக்கு என்று வேலாயுதனிடம் பொய் சொன்னேன். என் கடையில் இருபது வருஷமாக இலை கட்டுகிறவன், என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வான். குடையை எடுத்துக் கையில் கொடுத்தான்.

தெருமுனையில் குடையோடு அரை மணி நேரம் நின்றேன். வீடு எது என்று தெரியவில்லை. யாரையாவது கேட்க வேண்டுமானால் பெயரைச் சொல்ல வேண்டும். திரும்பிவிட்டேன்.

26 ஜூன், ஞாயிறு

போயிற்று.

எதிரணி கல்லூரி வாத்தியார்கள். கடைசிக் கேள்வி வரும்போது இரண்டு பக்கமும் பதினேழு. பொன்னம்மை முறத்தைக்கூட எடுத்து வரவில்லை, சும்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கடைசிக் கேள்வி நூலக அணிக்கு: ஒரு கவுளி வெற்றிலை என்றால் எத்தனை?

நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். வெற்றிலைக் கடைக்காரன் மகளிடம் போய் இந்தக் கேள்வியா. பொன்னம்மை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நூற்றி நாலு" என்றாள் என் மகள்.

மணி அடித்தது. தவறு, நூறு என்றார்கள். அந்த மார்க் வாத்தியார்களுக்குப் போனது. அவள் விடவில்லை. "அல்ல ஸார், நூற்றி நாலாணு. ஞான் எண்ணியிட்டுண்டு" என்றாள். எண்ணியிருக்கிறாளாம். அங்கே உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்தது. பிறகு வாத்தியம் போட்டுவிட்டார்கள்.

உலகம் முழுக்கக் கவுளிக்கு நூறுதான். என் கடையில் மட்டும் நூற்றி நாலு. மேலே இரண்டு, கீழே இரண்டு. வாழைநார் இறுக்கிக் கட்டும்போது கிழிகிற இலையை வாங்குகிறவர் தலையில் கட்டக்கூடாது என்று எங்கள் அப்பா ஏற்படுத்திய வழக்கம். காவல் இலை என்போம். சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாக்கின் மேல் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்து எண்ணுவாள். நூற்றி மூன்று இருந்தால் வேலாயுதன் தொலைந்தான். கவுளி என்றால் நூற்றி நாலுதான் பிள்ளே, நூறு கொடுக்கிறவன் திருடன் என்று நான் அவளிடம் எத்தனை தடவை பெருமை அடித்திருக்கிறேன். ஊரில் மற்ற கடைகளில் நூறு என்பதை ஒருநாளும் சொல்லவில்லை.

"ஒங்க கணக்கைச் சொல்லித்தானே தோத்துப் போனா" என்றாள் பொன்னம்மை. அழுதாள். நானும் அழுதேன், அதை எழுதிவைக்க வெட்கம் என்ன.

28 ஜூன், செவ்வாய்

ஏதோ கவுளித் தகராறு என்று வேலாயுதனிடம் சொல்லிவிட்டு, ஒரு கவுளியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ரேடியோ நிலையத்துக்குப் போனேன். ஒரு ஆபீசர் உட்காரச் சொன்னார். கட்டைப் பிரித்து அவர் மேஜையிலேயே எண்ணிக் காட்டினேன். நூற்றி நாலு. ஆரியசாலையில் என் கடையில் இதுதான் கவுளி, அந்தப் பெண் சொன்னது தப்பில்லை, மார்க்கைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. தீர்ப்பு சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது என்றார். பிறகு கேட்டார்: "ஸாருக்கு ஆ டீமில் வேண்டப்பட்டவர் ஆரெங்கிலும் உண்டோ?"

அந்த அணியில் எனக்கு வேண்டியவர் யாரும் இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மூன்று வருஷப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. இலைகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த முகத்தோடு கடைக்குத் திரும்ப மனம் வரவில்லை. மியூசியம் தோட்டத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தேன்.

3 ஜூலை, ஞாயிறு

ஏழு மணிக்குப் பழக்கத்தில் திருப்பினேன். கல்லூரி வாத்தியார்கள் ஜெயித்தார்கள்.

9 ஜூலை, சனி

இனி முடியாது என்று பொன்னம்மையைக் கூட்டிக்கொண்டு பேட்டைக்குப் போனேன். இந்தத் தடவை கேட்டேன். ஸ்ரீகண்டன் வீடு எது என்று கேட்டால் போதும் என்பது முன்பே எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமலா, அல்லது தோன்ற விடவில்லையா?

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து செல்லபாய் என்றொரு அம்மா வந்தார்கள். "அவிய போயாச்சே. வியாழக்கிழமை வண்டி ஏறினாவ. அவருக்கு நாக்பூருக்கு மாத்தம். நீங்க ஆரு?"

பொன்னம்மை, "அம்மை" என்றாள். அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தார்கள். விலாசம் அவர்களிடம் இல்லை. போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறாளாம். எழுதுவாளோ என்னவோ, எழுதினாலும் அது செல்லபாய்க்குத்தானே.

பொன்னம்மை அந்தப் பூட்டிய வாசற்படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

11 ஜூலை, திங்கள்

காலையில் வேலாயுதனிடம் சொன்னேன், பேட்டைக்குப் போனோம், வீடு பூட்டியிருக்கிறது என்று. அவன் கையிலிருந்த நாரைக் கீழே போட்டான்.

"மொதலாளி, ஒரு காரியம் பறையணும். கோவப்படப்படாது."

சொல் என்றேன்.

"அன்னைக்கு நீங்க ரேடியோ ஆபீசுக்குப் போனியள்லா, அப்பம் பாப்பா கடைக்கு வந்தது. ஒரு கவுளி தாருங்க அண்ணாச்சின்னுட்டு, வாங்கி, அந்தச் சாக்குமேல இருந்து பிரிச்சு எண்ணிச்சு. நூத்தி நாலு சரியாட்டு இருக்கு, எனக்கொண்ணும் மறந்து போகல்லன்னு சொல்லிச்சு. பிறகு, அப்பா எங்கன்னு கேட்டுது. ரேடியோ ஆபீசுக்கு, ஏதோ கவுளி தகராறுன்னேன். சிரிச்சுது. அப்பம் இருந்து பாத்துட்டே போறேன்னுட்டு கடை அடைக்கும் வரைக்கும் இருந்தது. நீங்க வரல்ல."

"ஏண்டா என்னிடம் சொல்லவில்லை? இரண்டு வாரம் ஆகிறதே."

அவன் கீழே கிடந்த நாரை எடுத்துச் சுருட்டினான். "நீங்கதான அந்தப் பேச்சே எடுக்கப்படாதுன்னியள்."

என் மேஜைக்கும் அந்தச் சாக்குக்கும் நாலு முழம்கூட இருக்காது. நான் மியூசியத்தில் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொன்னம்மையிடம் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

சுப்புலக்ஷ்மி. என் மகள் பெயர் சுப்புலக்ஷ்மி.

மத்தியானம் கடை ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, இனி அந்தப் பெயரை இங்கே யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். கடை பூட்டும்வரை காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.