நனையக் கூடாத முகம்

ஜூன் 2, ஞாயிறு
மூன்று நாளாக விடாத மழை. என் பாய்க்கு நேர் மேலே கூரைத் தகரம் ஒழுகியது. போன வருஷம் நான் பெரியபிள்ளையான சடங்குக்கு தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் கட்டிய பேனரை அப்பா தேடி எடுத்து, தகரத்துக்கு அடியில் இழுத்துக் கட்டினார். படம் உள்ள பக்கம் கீழே. "புள்ள மொகம் நனையக்கூடாது" என்றார். பாவம், பாசம்தான்.

இனி நான் அவளுக்குக் கீழேதான் படுக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் வெளுக்க வைத்த சுதர்ஷினி. ரோஸ் நிறம், ஒட்டிய கன்னம், கூர் மூக்கு. பெயர் மட்டும்தான் என்னுடையது.

ஜூன் 9
நானுஓயாவிலிருந்து ஜீவராணி அத்தை வந்தார். அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மேல இருக்கிறது ஒங்க மகதானே மதினி? அப்ப இது யாரு?"
எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும். அம்மா சிரித்ததுதான் —

ஜூன் 10
தேத்தண்ணி குடித்தால் கறுத்துப்போவாய் என்று சின்ன வயதில் சொல்வார்கள். இன்றிலிருந்து குடிக்கவில்லை. பிறந்ததோ தேயிலைத் தோட்டத்தில்!

ஜூன் 14
வகுப்பில் கேஷிகா ஒரு டப்பா கொடுத்தாள். பெயர் ஒட்டாத கிரீம். அவள் அக்கா கல்யாணத்துக்கு முன்னால் பூசியதில் மிச்சமாம். ஏழே நாளில் வெளுக்குமாம்.

ஜூன் 19
எரிகிறது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். காலையில் கண்ணைத் திறந்தால் முதலில் அவள்தான். காற்றுக்குப் பேனர் உப்பும்போது அவள் வாய் அசைகிறது. இன்னும் பூசு என்கிறாளா? எனக்குப் பைத்தியம் பிடிக்குதா? குப்புறப் படுத்தாலும் முதுகில் அவள் பார்வை.

ஜூன் 24
கன்னத்தில் தோல் உரிந்து நீர் வடிகிறது. காய்ச்சல் என்று சொல்லிக் கம்பளிக்குள் கிடந்தேன்.

ஜூன் 25
அம்மா கம்பளியை இழுத்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, யாரைப் பார்த்து இதைச் செய்தாய் என்று கேட்டார். மேலே கையைக் காட்டினேன்.
அம்மா அண்ணாந்து பார்த்தார். "அன்னைக்கு நானுந்தானே சிரிச்சேன்" என்றார்.
பிறகு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். புண் ஆறிவிடுமாம். தழும்பைப் பற்றி இப்போது சொல்ல முடியாதாம்.

ஜூன் 27
வேலைக்குப் போகும் முன் அம்மா பேனரை அவிழ்த்தார். கத்தியால் கிழித்து, முகம் இருந்த துண்டை இடுப்பில் படங்காகக் கட்டிக்கொண்டார். கொழுந்து பறிக்கும்போது செடி கிழிக்காமலிருக்க மற்றவர்கள் உரச்சாக்கு கட்டுவார்கள். அம்மா அவளைக் கட்டினார், முகம் வெளியே தெரிய. புள்ள படத்தையா என்று அப்பா கேட்டபோது, அம்மா முடிச்சை இன்னும் இறுக்கினார்.
மழை என் பாயில் விழுகிறது. பாயை மூலைக்கு இழுத்துக்கொண்டேன்.

ஜூலை 18
கன்னத்தில் கறுப்புத் திட்டு நின்றுவிட்டது. நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். பயமாக இருக்கிறது.
அம்மா நனைந்து வந்தார். தேயிலைச் செடியின் வாது கீறிக் கீறி, படங்கில் இருக்கும் அவளுக்கு மூக்கு இல்லை, வாய் இல்லை. ஒரு கண் மட்டும் மிச்சம். அது இன்னும் என்னைத்தான் பார்க்கிறது.
கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி அதைக் காட்டி, இது யாரு மீனம்மா என்று கேட்டாராம்.
"யாருன்னு தெரியலைங்க, எம் மக வீட்டுல இருக்கான்னு சொன்னேன்" என்றார் அம்மா, படங்கை அவிழ்த்துக்கொண்டே.
பிறகு இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினார். உள்ளங்கையில் வைத்த சீனியை நக்கிக்கொண்டு முழுவதும் குடித்தேன்.