சுவரில் இருக்கும் மெலிந்த முகம்

அக்கா,

இன்று காலை உங்கள் படத்துக்குப் போட்டிருந்த மல்லிகை வாடிய வாசனை வந்தது. மாலையை எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. போய் அதைத் துடைத்தேன்.

உங்கள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நான் கூடலூருக்கு வந்தபோதே உங்களுக்கு லூபஸ் இருந்தது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிறது என்று டாக்டர் சொன்னதை, நீங்கள் எனக்கு உங்கள் பாணியில் சொன்னீர்கள். "வீட்டு நாயே நம்மளக் கடிக்குதுத்தா. அதக் கட்டிப்போடத்தான் இம்புட்டு மாத்திரை." அந்த ஸ்டீராய்டு மாத்திரையில்தான் உங்கள் முகம் உப்பி வட்டமாகிவிட்டிருந்தது.

வெயில் ஆகாது என்று திராட்சைத் தோட்டத்துக்கும் குடையோடு வருவீர்கள். பந்தலுக்குள் நுழைந்த பிறகுதான் மடக்குவீர்கள். அங்கே வைத்துத்தான் பக்கத்துத் தோட்டத்துச் சித்தி கேட்டார்.

"என்னத்தா, மொகமெல்லாம் பூரிச்சுக் கெடக்கு. முழுகாம இருக்கியா?"

"ஆமா சித்தி, இதுக்குப் பத்து மாசம் பத்தாது" என்று சிரித்தீர்கள். அவர் போன பிறகு, கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு குலையை வெட்டாமல் நின்றீர்கள்.

"ஏத்தா, நான் போயிட்டா இந்த மூஞ்சிய மாட்டிறாதீக. இது மாத்திரையோட மூஞ்சி. எம் மூஞ்சி பீரோவுக்குள்ள இருக்கு."

நோய் கிட்னி வரை போய், நீங்களும் போனீர்கள். சுவரில் மாட்ட உங்கள் வீட்டுக்காரர், அத்தான், வட்ட முகப் படத்தைத்தான் கையில் எடுத்தார். "இதுலதான் அவ நல்லா இருக்கா."

"அக்கா அது வேணாம்னு சொன்னாக அத்தான்" என்றேன். அவர் கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தார். பீரோவைத் திறந்து, உங்கள் கல்யாணத்துக்கு முந்திய படத்தை எடுத்துக்கொண்டு கம்பத்து ஸ்டுடியோவுக்குப் போனார்.

கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, சுவரில் ஒரு பெண் இருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறார். எனக்கு அவரைத் தெரியாது. தினமும் பூப் போடுகிறேன், விளக்கேற்றுகிறேன், மனது அசையாமல் கிடக்கிறது. நீங்கள் சொன்னபடி செய்ததில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் நான் இந்த வீட்டுக்கு வந்த அன்று ஆரத்தித் தட்டுக்குப் பின்னால் தெரிந்தது அந்த வட்ட முகம். "பயப்படாத, உள்ள வா" என்று சொன்னதும் அதுதான். மாத்திரை கொடுத்ததாகவே இருக்கட்டும், நான் அக்கா என்று கூப்பிட்டது அந்த முகத்தைத்தான். அதற்கு எங்கே பூ வைப்பது என்றுதான் தெரியவில்லை.