தேத்தண்ணி குடிக்கப் போன பொம்மர்

சமேடன், எங்கடின்
12 ஜனவரி 2025

அன்புள்ள லக்சுமிக்கு,

நான் சுகம். உமது சுகத்தை அக்‌ஷயாவிடம் கேட்டு அறிந்தேன். பெற்ற மகளிடம் மனைவியின் சுகம் விசாரிக்கும் நிலைமைக்கு வந்துவிட்டேன். அவளும் ஆரா நகரத்திலிருந்து, "அம்மா நல்லா இருக்கிறா. நீங்கள் பகிடி விடாம இருந்தா இன்னும் நல்லா இருப்பா" என்கிறாள்.

போனில் கதைத்தால் மூன்றாவது வசனத்தில் நமக்குச் சண்டை வருகிறது. கடிதம் எழுதிப் பாருங்கள் என்று அந்தக் குடும்ப ஆலோசனைப் பெண்மணி சொன்ன நாளிலிருந்து பேனா தேடினேன். இன்றுதான் நான் சமைக்கிற ஹோட்டலின் வரவேற்பறையில் ஒன்று அகப்பட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனால் வேகமாக எழுதுகிறேன்.

சமையலறை ஜன்னலுக்கு நேரே விமான ஓடுபாதை. பணக்காரர்களின் சின்ன விமானங்கள் நாள் முழுக்க இறங்குகின்றன. அதைப் பார்த்துப் பார்த்து ஒரு கதை தோன்றிவிட்டது. சித்திரைப் புத்தாண்டு விழாவில் வாசிக்க ஏதாவது தரச் சொல்லித் தமிழ்ச் சங்கத்துக் கிஷோபனும் கேட்டிருந்தான். நடக்காத சரித்திரம் ஒன்று எழுதுகிறேன். சுவிஸ்காரர் உலகத்திலேயே பெரிய குண்டுவீச்சு விமானம் செய்த கதை.

கேளும். 1951இல், யாரும் கேட்காமலே, சுவிஸ் அரசு பரீட்சார்த்தமாக ஒரு பொம்மர் கட்டுகிறது. எட்டு இயந்திரம். கட்டுவது உமது பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிலாளர்கள். ஆகவே பறக்குமோ தெரியாது, ஆனால் நேரம் தவறாது. ஓடுபாதையில் வேகம் எடுக்கவே நாடு போதவில்லை. சக்கரம் மேலே எழும்பும்போது பக்கத்து நாட்டில் நிற்கிறது, அங்கே விசா கேட்கிறார்கள். இரவு பத்துக்குப் பிறகு சத்தம் போடக் கூடாது, ஞாயிறு பறக்கக் கூடாது. எங்காவது குண்டு போடுவதென்றால் அந்த ஊர்க்காரருக்கு மூன்று மாதம் முன்னதாகப் பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும். அவர்கள் ஆட்சேபித்தால் வாக்கெடுப்பு. முப்பது வருடம் வாக்கெடுப்பிலேயே போய்விட, ஓட்டுவதற்கு ஆள் இல்லை. கடைசியில் ஒரு யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்தியாரைப் பிடிக்கிறார்கள். அவரிடம் இருப்பதோ அகதி அட்டை. கன்டோனை, அதாவது மாகாணத்தை, விட்டு வெளியே போனால் தண்டனை. ஆகவே நம்முடைய பொம்மர் பீலுக்கு மேலேயே வட்டமிட்டுக்கொண்டிருக்கிறது.

எப்படி? சிரித்தீரா?

வீட்டு விஷயம் மறக்கவில்லை. பிரிந்து இருப்பதென்றால், மார்ச் 31க்குள் வீட்டுக்காரருக்கு அறிவித்தல் கொடுத்தால்தான் ஜூன் கடைசியில் வீட்டை விடலாம் என்றீர். வரும்போது அந்த அறிவித்தல் கடதாசியில் நான் கையொப்பம் வைத்துத் தந்தேன். நீர் கேட்டீர், தந்தேன். இனி உமது கையொப்பம்தான் பாக்கி. எனக்கு அந்த வீடு வேண்டும். நீர் இருக்கும் அந்த வீடு.

"இஞ்சாருங்கோ" என்று நீர் கூப்பிடாமல் காது அடைத்துப்போய் இருக்கிறது.

உமது,
சந்திரகுமார்


பீல்
20 ஜனவரி 2025

அக்‌ஷயாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். உங்கள் குளிர்ச் சப்பாத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த மலையில் எதைப் போட்டுக்கொண்டு நடக்கிறீர்களோ தெரியவில்லை. அக்‌ஷயாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

கதையை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தேன். பதிவுத் தபால் வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த கிழவி திரும்பிப் பார்த்தா. உங்கள் மேல் கோபமாக இருக்கும்போது சிரிக்க வைத்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஒன்றை விட்டுவிட்டீர்கள். பீலில் செய்த விமானம் என்றால் உள்ளே எல்லாம் இரண்டு மொழியில் எழுதியிருக்கும். இடது பக்கத்து ஓட்டிக்குப் பிரெஞ்சு, வலது பக்கத்து ஓட்டிக்கு ஜெர்மன். எங்கே திருப்புவதென்று இரண்டு பேரும் விளங்கிக்கொள்வதற்குள் குண்டு துருப்பிடித்துவிடும். வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இவ்வளவு சிரித்த பிறகும் நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று, படத்துக்கு முன்னால் படையல் வைத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். நீங்கள் சத்தமாக, "மாமி மேல போயும் கறிக்கு உப்புக் காணாது எண்டுதான் சொல்லிக்கொண்டிருப்பா" என்றீர்கள். சபை முழுவதும் சிரித்தது. அழுதுகொண்டிருந்த என் சித்தி கூடச் சிரித்தா. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நானும் சிரிப்பேன் என்று. அன்றைக்குத்தான் இனி முடியாது என்று தோன்றியது. எனக்குச் சிரிக்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கூட்டமாக எல்லாரும் சிரித்தால் எனக்குப் பயம் வரும். ஏன் என்று இப்போது எழுத வரவில்லை.

வேறொன்று. பெப்ரவரி முதல் புதன் வருகிறது. நாடு முழுக்க ஆபத்துச் சைரனை ஊதிச் சோதித்துப் பார்க்கிற நாள். கல்யாணம் முடித்த வருடத்திலிருந்து அந்த நாளில் நீங்கள் லீவு எடுத்து, என்னோடு கீழே கெல்லர் என்கிற நிலவறையில் இருக்கிற பங்கருக்குள் வந்து நிற்பீர்கள். அரிசி மூட்டைக்கும் பக்கத்து வீட்டாரின் சைக்கிளுக்கும் நடுவில் நின்று, ஊதி முடியும் வரை என் கையைப் பிடித்திருப்பீர்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நீங்கள் ஒரு பகிடியும் விடுவதில்லை. உங்களோடு இவ்வளவு காலம் இருந்ததற்கு அந்த நாளும் ஒரு காரணம்.

இந்த முறையும் வருவீர்களா? நான் வாய் விட்டுக் கேட்பது இதுதான் முதல் தடவை.

கஜலக்சுமி


சமேடன்
2 பெப்ரவரி 2025

அன்புள்ள லக்சுமிக்கு,

உமது இரண்டு மொழி யோசனையைச் சேர்த்துவிட்டேன். இங்கே சமையலறையில் வாசித்துக் காட்டினேன், போர்த்துக்கீசப் பொடியன் விளங்காமலே சிரித்தான். இந்தக் கதையில் உமக்கும் பங்கு இருக்கிறது, மேடையில் உம்முடைய பெயரையும் சொல்வேன்.

புதன்கிழமை வர முடியாது போலிருக்கிறது. பனிச்சறுக்கு விடுமுறை தொடங்கிவிட்டது, சமையலறையில் இருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். ஷெஃப்பிடம் கேட்டேன், அவர் கரண்டியைத் தூக்கிக் காட்டினார். கோபிக்காதேயும். சைரன்தானே, கொஞ்ச நேரம் கத்திவிட்டு அதுவே களைத்து நின்றுவிடும். பொம்மர் வராது. நம்முடைய பொம்மருக்குத்தான் பதிவுத் தபால் அனுப்பாமல் குண்டு போட அனுமதி இல்லையே!

மிச்சக் கதை எழுதிவிட்டேன். இதுதான் உச்சம், கேளும். ஒருவழியாக வாத்தியாருக்குப் பயண அனுமதி கிடைத்து, பொம்மர் முதல் தாக்குதலுக்குப் போகிறது. கீழே சனமெல்லாம் பங்கருக்குள். பொம்மர் ஒரு சுற்று, இரண்டு சுற்று. குண்டைக் கழற்றப் போகிற நேரம் மணி ஒன்பது அடிக்கிறது. ஒன்பது மணி இடைவேளை! சுவிஸ் தொழில் சட்டம். விமானம் அப்படியே திரும்பிப் போய்த் தரை இறங்குகிறது. கீழே பங்கருக்குள்ளிருந்து ஒரு கிழவன் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: "அவன் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டான்! பயப்பிடாம வெளியில வாங்கோ!" சனமெல்லாம் சிரித்துக்கொண்டு மேலே வந்து, விட்ட இடத்திலிருந்து சமையலைத் தொடங்குகிறது.

இந்த இடத்தில் மண்டபம் சிரிப்பில் இடிந்து விழும், இருந்து பாரும்.

அன்புடன்,
சந்திரகுமார்


பீல்
6 பெப்ரவரி 2025

உங்கள் கடிதம் நேற்று, புதன்கிழமை, மதியத்துக்குச் சற்றுப் பிறகு வந்தது. நீங்கள் வரவில்லை, கடிதமாவது வந்ததே என்று பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு கெல்லருக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு அரிசி மூட்டையின் மேல் இருந்து வாசித்தேன். கிழவன் தலையை நீட்டுகிற இடத்தில் சைரன் தொடங்கியது.

என் அக்கா தில்லைநாயகியை உங்களுக்குப் படத்தில் பார்த்துத்தான் தெரியும். பொம்மர் அடித்துச் செத்தா என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். எப்படி என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு பகல். எங்களுக்கு ஊதிச் சொல்ல யாரும் இல்லை, சத்தம் கேட்டால் ஓட வேண்டியதுதான். ஐயா, அம்மா, அக்கா, நான், அயல்வீட்டார் எல்லாரும் வளவுக்குள் வெட்டிய பங்கருக்குள் இருந்தோம். பொம்மர் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு சத்தம் தேய்ந்து இல்லாமல் போனது. ஐயா உங்களைப் போலத்தான், எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பார். மெதுவாகத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "அவன் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டான்" என்றார். எல்லாரும் சிரித்தோம். பயந்து பயந்து இருந்தவர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்போடு அக்கா எழும்பினா. "கறி அடுப்பில கிடக்கு, இறக்கி வைச்சிட்டு வாறன்" என்றா. ஒருவரும் மறிக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தோம்.

அது திரும்பி வந்தது.

ஐயா அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு பகிடி சொல்லவில்லை. அம்மாவுக்கு அன்றிலிருந்து வாயில் உருசி இல்லை. எதைச் சாப்பிட்டாலும் உப்புக் காணாது என்பா. அதைத்தான் நீங்கள் அந்தியேட்டியில் சொன்னீர்கள்.

உங்களுக்குத் தெரியாமல்தான் எழுதினீர்கள், ஆகவே கோபம் இல்லை என்று எழுதத்தான் இருந்தேன். முடியவில்லை. கோபம்தான். ஐயா மேல் வராத கோபமும் சேர்ந்து உங்கள் மேல் வருகிறது. அது நியாயமில்லை என்றும் தெரிகிறது.

வீட்டுக் கடதாசியில் கையொப்பம் வைத்துவிட்டேன். மார்ச்சில் போய்ப் போடுவேன்.

கஜலக்சுமி


சமேடன்
16 பெப்ரவரி 2025

லக்சுமி,

உமது கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். பதில் எழுதுவதற்கு இருந்து இருந்து எழும்பினேன். என்னிடம் இருந்த சொல்லெல்லாம் பகிடிக்குப் பழகிய சொல், இதற்கு ஒன்றும் உதவவில்லை.

விழாவில் வாசிக்க மாட்டேன் என்று கிஷோபனிடம் சொல்லிவிட்டேன். எழுதியதை இத்துடன் அனுப்புகிறேன். நீரே கிழித்துவிடும். நான் கிழிக்க எடுத்தேன், உம்முடைய இரண்டு மொழிப் பகுதி அதில் இருந்தது, கை வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், மன்னிப்புக்காக அல்ல. இங்கே விமானம் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் கத்தியை வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கிறேன். இத்தனை வயதில். யாராவது பார்த்துவிட்டால் உடனே ஒரு பகிடி சொல்வேன். நானும் அதே சத்தத்துக்குக் கீழே வளர்ந்தவன்தானே. அந்தப் பொம்மரை ஒரு மடையனாக்கிவிட்டால் இனிப் பயப்படத் தேவையில்லை என்று நினைத்தேன். உமக்காகவும்தான் அதை மடையனாக்குவதாக எண்ணினேன். அக்கா எப்படிப் போனா என்று ஒருநாளும் நான் கேட்கவில்லையே. அதுதான் என்னைக் குடைகிறது.

புதன்கிழமை நான் வந்திருக்க வேண்டும். ஷெஃப் கரண்டியைத் தூக்கினால் என்ன, வந்திருக்க வேண்டும்.

நீர் எடுக்கிற முடிவை மாற்றச் சொல்லிக் கேட்க மாட்டேன். சப்பாத்துக் கிடைத்தது. கால் சூடாக இருக்கிறது.

சந்திரகுமார்


பீல்
2 ஏப்ரல் 2025

இஞ்சாருங்கோ,

நேற்று எழுதியிருந்தால் முட்டாள்கள் தினத்துப் பகிடி என்று நினைப்பீர்கள். அதனால் ஒருநாள் பொறுத்து எழுதுகிறேன்.

கடதாசியைப் போன வெள்ளி தபாலகத்துக்குக் கொண்டுபோனேன். பதிவுத் தபால் வரிசையில் நின்றேன். உங்கள் கதையில் வருகிற பதிவுத் தபால் நினைவுக்கு வந்தது. இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. நீங்கள் அங்கே சுவரோடு நிற்பதையும் நினைத்தேன். இவ்வளவு காலமும் ஒரே கட்டிலில் படுத்து எழும்பியும் ஆளுக்கொரு பங்கருக்குள் இருந்திருக்கிறோம். என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பெட்டையிடம் ஒரு முத்திரை மட்டும் கேட்டேன். அந்த முத்திரைதான் இந்தக் கடிதத்தில் இருப்பது. 31ஆம் திகதி கடந்துவிட்டது. கடதாசி இன்னும் மேசையில் கிடக்கிறது, வந்து நீங்களே எடுத்து எறியுங்கள்.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வந்து கொஞ்ச நாளைக்கு நான் அழுதால் அழ விடுங்கள். அடுத்த பெப்ரவரிக்கு இப்போதே லீவு சொல்லி வையுங்கள்.

கதையை நான் கிழிக்கவில்லை. கிஷோபனிடம் கதைத்து, நீங்கள் வாசிப்பீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் முடிவு வேண்டாம். நான் ஒரு முடிவு எழுதியிருக்கிறேன். நடக்காத சரித்திரம் என்றால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்தானே? இதை வாசியுங்கள். நான் முன்வரிசையில் இருப்பேன்.

"கிழவன் சொன்னது சரி. அவன் உண்மையாகவே தேத்தண்ணி குடிக்கத்தான் போயிருந்தான். தேத்தண்ணி நல்ல சூடு. ஆற ஆறத்தான் குடித்தான். பிறகு வெளியே போய் மழை வருமா என்று பார்த்தான். அதற்குள் தில்லைநாயகி மேலே ஏறிப் போய், மரவள்ளிக் கறியை இறக்கி, சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். கறி கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. ஐயா அதற்கும் ஒரு பகிடி சொன்னார். பங்கருக்குள் வட்டமாக இருந்து எல்லாரும் சாப்பிட்டோம். அம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, 'உப்பு அளவாய்க் கிடக்கு' என்றா."

லக்சுமி