அக்கா காரும் நம் இன்சூரன்ஸும்

என்னங்க,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். நீங்கள் நைட் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். அதனால் நீங்கள் எழுதி வைத்த சீட்டிலேயே, கீழே பதில் எழுதுகிறேன்.

‘அக்கா காரை நீ ஓட்டிட்டுப் போய் இடிச்சதுக்கு நம்ம இன்சூரன்ஸ் ஏறுமா?’ என்று கேட்டிருந்தீர்கள். ஏஜென்டிடம் விசாரித்தேன். “கார் யாரோடதோ, முதல்ல அவங்க இன்சூரன்ஸ்லதாம்மா போகும். ஆனா ஓட்டினது நீங்க. உங்களோடதைப் புதுப்பிக்கும்போது கேப்பாங்க, மறைக்காதீங்க. கொஞ்சம் ஏறினாலும் ஏறும்” என்றார்.

நஷ்டம் உங்கள் அக்காவுக்குத்தான். போன் பண்ணினேன். “கார் கிடக்குது விடு, உனக்கு அடிகிடி பட்டுச்சா?” என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன்.

மெக்கானிக் கார் சாவிக்கு வருவார். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: காபித்தூள் டப்பாவைத் திறந்து, மூடியை இறுக்காமல் சும்மா மேலே வையுங்கள். இடித்ததிலிருந்து வலது மணிக்கட்டைத் திருக முடியவில்லை. எழுத்து கோணலாக இருப்பதும் அதனால்தான். காலையில் வெறும் வெந்நீர் குடித்துவிட்டுத்தான் போகிறேன்.