அஞ்சு விரல் தடம்

என்னங்க,

தையல்கடைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு.

பத்து மணிக்கு எங்கண்ணன் வருவான். முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க. பஸ்ல விழப்போன என்னை நீங்க பிடிச்சதுல என் கையில உங்க அஞ்சு விரல் தடமும் கன்னிப்போச்சு. அதைப் பார்த்து நீங்க அடிச்சீங்கன்னு அவன் நினைச்சுட்டான். எனக்கு ரத்தம் சரியா உறையாத நோய்னு சொன்னா பயந்துடுவான்னு நான் வாயை மூடிக்கிட்டேன். அது உங்க தலையில விடிஞ்சது. தப்பு என்மேலதான்.

காலையில போன்ல எல்லாம் சொல்லிட்டேன். ஊசி குத்தினா அரைமணி நேரம் ரத்தம் நிக்காததையும் சொன்னேன். மன்னிப்புக் கேக்கத்தான் வர்றான். ரிப்போர்ட் அலமாரியில இருக்கு, காட்டுங்க.

இன்னொண்ணு. நேத்து ரோட்டைத் தாண்டும்போது ரெண்டடி தள்ளியே வந்தீங்க. கன்னிப்போனா பத்து நாள்ல ஆறிடும். கையைப் பிடிச்சுக்கங்க.