கோ டின் பெயரில் என் வயல்

ஜூன் 11, செவ்வாய்

ஊரைச் சிரிக்க வைக்கிறவன் என்று பீற்றிக்கொள்கிற எனக்கு இன்று ஒரு சிரிப்பு தொண்டையில் மாட்டிக்கொண்டது.

பர்மாவில், பெகு ஊரில் இருக்கும் என் ஐந்து ஏக்கர் வயல் பக்கத்து வீட்டு பர்மியர் கோ டின் பெயரில் இருக்கிறது; ‘கோ’ என்றால் இங்கே அண்ணன். வாங்கிய காலத்தில் நிலம் பதியத் தேவையான முழுக் குடியுரிமை அட்டை என்னிடம் இல்லை, அவரிடம் இருந்தது. போன மாதம் எனக்கும் அட்டை வந்துவிட்டது. பத்திரத்தில் பெயர் மாற்ற அவரை ஏற்றிக்கொண்டு இன்று காலை இன்சீனில் உள்ள வீட்டிலிருந்து பெகுவுக்குக் கிளம்பினேன். கஞ்சப் புத்தியில் நேற்று எத்தனால் கலந்த மலிவு பெட்ரோல் போட்டிருந்தேன். பாலத்து ஏற்றத்தில் கார் இருமியது, குலுங்கியது, கொட்டும் மழையில் நின்றேவிட்டது.

“கரும்புச் சாராயம் குடிச்சிருக்குல்ல, போதை” என்றேன்.

கோ டின் சிரிக்கவில்லை. “கோ ராஜூ, அந்த எத்தனால் கம்பெனிக்காரன் என்கிட்ட வந்தான். வயல்ல கரும்பு போடக் குத்தகைக்குக் கேக்கிறான்.”

“உங்ககிட்டயா? ஏன்?”

“பத்திரத்துல என் பேருதானே இருக்கு?” என்றவர் அப்போதுதான் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். பிறகு இறங்கி, நனைந்துகொண்டே காரைத் தள்ளினார். கார் உயிர் பெற்றதும் வீட்டுக்கே திரும்பிவிட்டோம். வீட்டு வாசலில், “இன்னொரு நாள் போவோம்” என்றார். எந்த நாள் என்று சொல்லவில்லை.

“விளையாட்டுக்குச் சொல்லிருப்பாருங்க, படுங்க” என்கிறாள் மனைவி.

இருபது வருஷப் பழக்கத்தில் கோ டின் ஒரு ஜோக்கூடச் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் ஆரம்பித்தார் என்று நம்பப் பார்க்கிறேன். விடிந்ததும் போய், ஜோக் பிரமாதம் என்று பாராட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.